பன்னிரண்டு நாற்பதுக்கு ஏற்றியது யார்?

அத்தியாயம் 9

"மெஷினைக் காட்டுங்க" என்றாள் இஷ்ரத்.

"மெஷின் கிடையாது மேடம்" என்றார் சங்கச் செயலாளர் பரசுராமன்.

லூயிஸ் தன் நோட்டில் 'மெஷின் காணவில்லை' என்று எழுதினான்.

"காணாமப் போகல தம்பி. இல்லவே இல்ல."

'இல்லவே இல்லை' என்று திருத்தினான் லூயிஸ். துப்பறியும் இஷ்ரத்திடம் உதவியாளனாகச் சேர்ந்த பதினோரு வருஷத்தில் பிணம் இல்லாத கொலை ஒன்று, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் இரண்டு பார்த்திருக்கிறான். குற்றம் நடந்த இடமே இல்லாத குற்றம் இதுதான் முதல்.

திருவொற்றியூரில், எக்ஸ்பிரஸ் சாலையோரம், ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது வடகரை டிரெய்லர் உரிமையாளர் சங்கம். ஜன்னலுக்கு வெளியே கடலும், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்களும் தெரிந்தன. இரண்டில் கடல்தான் அவ்வப்போது நகரும்.

எந்த வண்டிக்கு எத்தனையாவது டர்ன் என்பதுதான் அந்தச் சாலையில் எல்லாச் சண்டைக்கும் மூலம். ஆறு மாதம் முன்பு வரை சங்க நிர்வாகி சொக்கம்மாள் ஒரு நோட்டில் டர்ன் எழுதிவந்தாள். பிறகு டிரைவர் தவசிமுத்துவின் மகள் பெர்சிஸ், படிப்பை முடித்த கையோடு, ஒன்று செய்து கொடுத்தாள். டிரைவர் போனில் வண்டி எண்ணைத் தட்டினால் அவனுடைய டர்ன் எண் வரும். அவ்வளவுதான்.

"இதுக்கு சர்வர் வேணாமா சார்?" என்று கேட்டான் லூயிஸ்.

"வேணாம்னு அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. எழுதினத க்ளவுட்ல ஏத்தி வெச்சுட்டா போதும். எவனாவது வண்டி நம்பர் தட்டினா, அவங்க எங்கயோ ஒரு மெஷின எழுப்பி பதில் சொல்ல வெப்பாங்க. வேலை முடிஞ்சா அது போயிடும்."

"ஹார்பர் கூலி மாதிரின்னு சொல்லு சார். கப்பல் வந்தாதான் ஆளு" என்றான் லூயிஸ்.

"நேத்து வெள்ளிக்கிழமை காலைல," பரசுராமன் தொண்டையைச் செருமினார், "கடைசில நின்ன பதினோரு வண்டிக்கு ஒண்ணுலேந்து பதினொண்ணு வரைக்கும் டர்ன் வந்துச்சு. பதினொண்ணும் எங்க தலைவர் செங்குட்டுவனோட வண்டி. ரோட்ல அடிதடி. ரெண்டு கண்ணாடி போச்சு. பாத்தா, எழுதி வெச்சதுல யாரோ ஒரு வரி புதுசா சேத்து மறுபடி ஏத்தியிருக்காங்க."

ஒரு காகிதத்தை நீட்டினார். க்ளவுட்காரர்களின் பதிவேட்டிலிருந்து ஆள் வைத்து எடுத்த பிரின்ட். கடைசியாக ஏற்றியது: வெள்ளிக்கிழமை, 00:40. ஏற்றிய பெயர்: பெர்சிஸ்.

"வியாழக்கிழமை ராத்திரி ஒரு மணி வரைக்கும் இந்த ரூம்ல அவ ஒருத்திதான் லேப்டாப்போட இருந்தா. ஏதோ ரிப்பேருன்னு சொன்னா. வாட்ச்மேன் ரிஜிஸ்டர்ல இருக்கு." பரசுராமன் பெருமூச்சு விட்டார். "நல்ல பொண்ணு. தலைவர் ஆசை காட்டியிருப்பார். அவதான்னு ரோட்டுக்கே கேக்கற மாதிரி மைக்ல சொல்லிட்டோம், டிரைவருங்க சும்மா விட மாட்டேங்கறாங்க. இன்னிக்கு நாலு மணிக்குக் கமிட்டி. அதுல வெளியாள் நீங்க ஒரு வார்த்தை 'ஆமா'ன்னு சொல்லிட்டா, போலீஸ்ல குடுத்துடலாம்."

இஷ்ரத் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், லைசென்ஸ் எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தன. கடைசிச் சட்டத்துக்குள் ஒரு கையெழுத்துத் தாள். தலைப்பு: 'மேலே ஏற்றுவது எப்படி'. கீழே தமிழில் ஏழு படிகள். அதற்கும் கீழே பெயர், பாஸ்வேர்டு. நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இது?"

"அந்தப் பொண்ணு வேலைக்குப் போறதா இருந்துச்சு. போனப்புறம் நமக்குத் தெரியணுமேன்னு எழுதிக் குடுத்துச்சு. சங்கத்துக்கு வர்ற எந்த முக்கியமான பேப்பரும் ஃப்ரேம் போட்டுத்தான் மேடம் மாட்டுவோம். இல்லன்னா தொலைஞ்சிடும்."

லூயிஸ் அந்தச் சட்டத்தைப் போட்டோ எடுத்தான். பூட்டு, சாவி, சாவியைத் திருகும் முறை மூன்றையும் பொட்டு வைத்து வாசலில் மாட்டிய வீட்டை அவன் இதுவரை பார்த்ததில்லை.

*

கமிட்டி முடியும் வரை மாடிப்படி ஏறக் கூடாது என்று பெர்சிஸுக்கு உத்தரவு. அதனால் அவள் அப்பாவின் டிரெய்லர் கேபினில், பின் படுக்கையில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் நேராக இருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தவசிமுத்து எதிரே நின்ற வண்டியின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து பக்கத்து வண்டிக்காரர்கள் அவரோடு டீ குடிப்பதில்லை.

"திங்கக்கிழமை வேலைல சேரணும்க்கா" என்றாள் பெர்சிஸ். "கேஸ் இருக்கான்னு போலீஸ்ல விசாரிச்சிட்டுத்தான் சேத்துப்பாங்க. சாயங்காலம் இவங்க கம்ப்ளைன்ட் குடுத்துட்டா அவ்ளோதான்."

"எம் மவ அப்படி செய்ய மாட்டா" என்றார் தவசிமுத்து, பின்கதவைப் பார்த்து.

"அதை நான் நம்பணும்னு அவசியமில்லண்ணே" என்றாள் இஷ்ரத். "நான் ராயபுரத்துல கயித்துக் கடைல வளர்ந்தவ. எங்க வாப்பா கயித்தைப் பிரிச்சுப் பாக்காம வாங்க மாட்டார். பெர்சிஸ், சரக்கைப் பிரிச்சுக் காட்டு. நீ எழுதி மாட்டின ஏழு படியையும் நான் செய்யறேன். நீ வாயைத் திறக்காத."

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாக்கா?"

"கரண்ட் பில் கட்டுவேன்."

"அதுவும் நாந்தான் கட்டறேன்" என்றான் லூயிஸ்.

பெர்சிஸ் தன் சொந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தாள். இஷ்ரத் லூயிஸின் போனில் இருந்த போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். புதிதாக ஒன்று தொடங்கு. பெயர் வை. எழுதியதை ஒட்டு. எழுத வேண்டியதைக் கூடப் போனே சொல்லிக் கொடுத்தது; 'கூப்பிடுபவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும்' என்று லூயிஸ் அதனிடம் கேட்டான், பத்து வரி வந்து விழுந்தது. பிறகு வெளியிலிருந்து கூப்பிட ஒரு வாசல் வை. வாசலைத் திற. ஏற்று. கடைசியாக, கிடைத்த முகவரியைத் தட்டிப் பார்.

லூயிஸ் தட்டினான். போன் இரண்டு விநாடி யோசித்தது.

*வணக்கம், லூயிஸ்.*

"இன்னாக்கா இது! கல்யாணமாகி பத்து வருஷத்துல என் வூட்டுக்காரி ஒரு தபா சொன்னதில்ல."

"ஏழு படி. இருபது நிமிஷம்" என்றாள் இஷ்ரத். "எனக்கே வந்துட்டா இந்த ரோட்ல எல்லாருக்கும் வரும். ஃப்ரேமைப் பாத்து எவன் ஏத்தினாலும் பேரு பெர்சிஸ்னுதான் விழும். பேருல ஒண்ணுமில்ல. நேரம்தான் உன்னை மாட்டி விடுது. இப்ப மணி என்ன லூயிஸ்?"

"பத்து இருவது."

"அவங்க எடுத்த மாதிரியே நான் ஏத்தினதுக்கும் பதிவை எடு. ஸ்கிரீன்ல வேணாம், பேப்பர்ல."

டயர்க் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு லூயிஸ் ஓடி வந்தான். வரும்போதே முகம் மாறியிருந்தது.

"க்கா, நீ இத ஏத்தினது விடியக்காலம் நாலு அம்பதுன்னு போட்டுகீது. அந்நேரம் நீ ஏந்துக்கவே இல்ல. எனக்குத் தெரியும், நாந்தான் எட்டு மணிக்குப் போன் போட்டு எழுப்பினேன்."

பெர்சிஸ் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். கையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ. இது லண்டன் நேரம்க்கா! உலகத்துக்கெல்லாம் பொதுவா அந்த நேரத்துலதான் எழுதி வெக்கும். நான் எப்பவும் ஸ்கிரீன்ல பாப்பேன், அது நம்ம நேரத்துக்கு மாத்திக் காட்டிடும். பேப்பர்ல எடுத்தா மாத்தாது. அவங்க பிரின்ட்டை எனக்குக் காட்டவே இல்ல, ராத்திரின்னு சொன்னாங்க, அவ்ளோதான்."

"எவ்வளவு கூட்டணும்?"

"அஞ்சரை மணி நேரம்."

லூயிஸ் விரல் விட்டு எண்ணினான். பன்னிரண்டு நாற்பது. ஐந்தரை. "காலைல ஆறு பத்து!"

"வெள்ளிக்கிழமை காலைல ஆறு பத்துக்கு நீ எங்க இருந்த?" என்றாள் இஷ்ரத்.

"சர்ச்சுல. அதிகாலை ஜெபம். பாடிட்டிருந்தேன்."

"சாட்சி?"

பெர்சிஸ் வெட்கத்தோடு போனைத் திருப்பினாள். சர்ச்சின் யூடியூப் நேரலை. ஐந்து ஐம்பதிலிருந்து ஆறே முக்கால் வரை மைக்கைப் பிடித்தபடி அவள் நின்றாள். யாருக்கும் அதை விட்டுக்கொடுக்காமல் நின்றாள்.

"நாப்பத்தோரு பேர் பாத்துகீறாங்க" என்றான் லூயிஸ். "கோர்ட்டுக்கு ரெண்டு பேர் போதும்."

தவசிமுத்து முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். "அப்போ இத இப்பமே போய்ச் சொல்லிரலாம்லா?"

"சொன்னா என்ன சொல்வாங்க? பாஸ்வேர்டைக் குடுத்து வேற ஆளை விட்டு ஏத்தச் சொன்னான்னு சொல்வாங்க. திருடன் கையில கிடைக்கற வரைக்கும் பக்கத்துல நிக்கறவந்தான் திருடன்." இஷ்ரத் கேபினிலிருந்து இறங்கினாள். "நாலு மணி வரைக்கும் மூணு பேரும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். லூயிஸ், நீ முக்கியமா."

"நான் சொக்கம்மா மேலதான் கட்டறேன்" என்றான் லூயிஸ். "நோட்டு போன கடுப்பு. மூஞ்சிலயே எழுதிகீது."

*

நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர் செங்குட்டுவன், நாற்காலியை நிறைத்துக்கொண்டு, யாரையாவது அடிக்கத் தயாராக இருந்தார். சொக்கம்மாள், ஆறு டிரெய்லருக்குச் சொந்தக்காரி, வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். செயலாளர் பரசுராமன் முன்னால் புகார்க் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. பெர்சிஸை மேலே கூப்பிட்டிருந்தார்கள். அவள் கதவோரம் நின்றாள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் பரசுராமன். "விசாரிச்சீங்க இல்ல?"

"விசாரிச்சேன். இந்தப் பேப்பர்ல இருக்கற பன்னண்டு நாப்பது நம்ம ஊர் பன்னண்டு நாப்பது இல்ல. வேற ஊர் கடிகாரம்."

"எந்த ஊரு? சிங்கப்பூரா?" என்றார் செங்குட்டுவன்.

"எந்த ஊருன்னு கண்டுபிடிச்சாச்சு தலைவரே. அதைச் சொல்றதுக்கு முன்னால ஒரு சின்னக் கேள்வி. வியாழக்கிழமை காலைலேந்து வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் நீங்க மூணு பேரும் எங்கெங்க இருந்தீங்க?"

இதைச் சொல்லிவிட்டு அவள் டீயை எடுத்துக்கொண்டாள்.

வியாபாரம் தெரிந்த குடும்பங்களில் பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அடுத்ததாகச் சொல்லிக் கொடுப்பது பேசாமல் இருக்கத்தான். பேரத்தில் எண்ணை முதலில் சொன்னவன் தோற்றான். எதிராளியின் கையிலிருக்கும் எண் அவன் வாயிலிருந்தே விழும் வரை டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பதே உத்தமம். இஷ்ரத் உறிஞ்சினாள்.

"இன்னாம்மா கேள்வி இது?" என்று வெடித்தார் செங்குட்டுவன். "ரெண்டு நாளும் எங்க இருந்தேன்னா? வியாழக்கிழமை மாதவரத்துல கல்யாணம். வெள்ளிக்கிழமை இங்க ஒதை வாங்காம தப்பிச்சேன். நடுவுல தூங்கினேன். எந்த நேரம்னு சொன்னா சொல்லலாம்!"

"நான் எங்க போவேன்" என்றாள் சொக்கம்மாள். "வூடு, வண்டி, கோயிலு, மறுபடி வூடு. இன்னாத்துக்கு மணியெல்லாம் பாத்துகினு."

இஷ்ரத் டீயைப் பாதி முடித்திருந்தாள். பரசுராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"நானும் சொல்லிடறேன் மேடம். மறைக்க என்ன இருக்கு? வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிலேந்து ஆறரை வரைக்கும் வடிவுடையம்மன் கோயில்ல அபிஷேகம் பாத்துட்டு இருந்தேன். ரசீது கூட இருக்கு." சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்புக் கலையாத ரசீது.

இஷ்ரத் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார். நான் கேட்டது ரெண்டு நாள். நாப்பது மணி நேரத்துக்குக் குறையாது. அதுல உங்க கிட்ட அரை மணிக்கு மட்டும் ரசீது இருக்கு. அந்த அரை மணிதான் வேணும்னு உங்களுக்கு யார் சொன்னா?"



"ஆறு பத்து" என்றான் லூயிஸ், எல்லோருக்கும் கேட்க. "நம்ம ஊர் மணி. இந்த ரூம்ல அது எங்களுக்குத் தெரியும், அந்தப் பொண்ணுக்குத் தெரியும். அப்பறம் ஏத்தினவனுக்குத் தெரியும்."

"இது... இது ஒரு தற்செயல். கோயில்ல இருந்தேன்னா இருந்தேன். ரசீதைப் பாருங்க, நேரம் போட்டிருக்கு—"

"யோவ்!" சொக்கம்மாள் வெற்றிலையை மடியில் போட்டாள். "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அங்க வாராவாரம் நானில்ல நின்னுகினு இருப்பேன்! அந்த அபிஷேகத்துல மொத்தமே ஒம்போது பேரு. உன் டிரைவரு வந்தான். நாந்தான் அவனுக்குக் குங்குமம் குடுத்தேன். நீ எங்கய்யா இருந்த?"

"ஏம்மா, அத அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்றான் லூயிஸ்.

"ஆறு மணின்னு எவன் கேட்டான் என்னிய?"

பரசுராமன் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சந்தையில் சொல்வதுபோல் இதமாகச் சொன்னார்: "சரி. பெரிசு பண்ண வேணாம். அந்தப் பொண்ணு மேல கம்ப்ளைன்ட் இல்ல. நம்ம நாலு சுவத்துக்குள்ளயே முடிச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?"

வேண்டாத சரக்குக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. வாக்குமூலம் எழுதி வாங்கியிருந்தால் கூட இத்தனை தெளிவாக இருந்திருக்காது என்று லூயிஸுக்குத் தோன்றியது.

"அடுத்த மாசம் தலைவர் எலெக்சன்" என்றார் செங்குட்டுவன் மெதுவாக. கணக்கு அவருக்கு இப்போதுதான் விளங்கியது. "என் வண்டிங்கள முன்னால வுட்டு என்னைத் திருடனாக்கி, ஒரு பச்சப் புள்ளய நடுவுல வெச்சி..." அவர் எழுந்தார். நாற்காலியும் கூட எழுந்து, பிறகு கழன்று விழுந்தது. பரசுராமன் கதவைப் பார்த்தார். கதவை லூயிஸ் மூடிவிட்டிருந்தான்.

"அடிக்காதீங்க தலைவரே" என்றாள் இஷ்ரத். "டைப் அடிச்ச புகார் தயாரா இருக்கு. பேரை மட்டும் மாத்திக் கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துகள் விழுந்தன. செங்குட்டுவன் பெர்சிஸ் பக்கம் திரும்பினார். "தப்பா நினைச்சுக்காதம்மா. பழையபடி ஏத்திக் குடுத்துடு. நேத்திலேந்து ஒரு வண்டி நகரல."

பெர்சிஸ் மேஜை மேலிருந்த மைக்கைக் காட்டினாள்.

"மைக்ல சொன்னீங்க" என்றாள். "எங்க அப்பா கீழ கேபின்ல உக்காந்து கேட்டுட்டு இருந்தாரு. நான் திருடின்னு. அதே மைக்ல இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் ஏத்தறேன்."

சங்கத் தலைவர் வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அது அவர் மைக்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கேட்டார். ஒலிபெருக்கி எக்ஸ்பிரஸ் சாலை முழுக்க, கடலுக்கும் சேர்த்து, சொன்னது. தவசிமுத்துவின் மகள் ஒரு தவறும் செய்யவில்லை என்று இரண்டு முறை சொன்னது. இரண்டாவது முறை சொக்கம்மாள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சொன்னது.

பெர்சிஸ் லேப்டாப்பைத் திறந்தாள். முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். ஏற்றிய ஒவ்வொன்றையும் க்ளவுட் எண் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முந்தையதைத் தொட்டாள், சரி என்றாள். அவ்வளவுதான். சாலையில் நூற்றுக்கணக்கான போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிங் என்றன.

"எப்பக்கா அந்தாள் மேல சந்தேகம் வந்துச்சு?" என்று கிசுகிசுத்தான் லூயிஸ்.

"நம்ம ஃபீஸைச் சொன்னப்ப பேரம் பேசாம சரின்னாரு. வடசென்னைல பொறந்த மனுஷன்."

கீழே இருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி பெர்சிஸு!"

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தவசிமுத்து கேபினிலிருந்து பாதி வெளியே தொங்கினார். முன்னும் பின்னும் இருந்த டிரைவர்கள் தங்கள் போனை விட்டுவிட்டு அவர் போனை எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு அறுவத்தி மூணுன்னுல்லா காட்டுது!"

"அப்போ அறுவத்தி மூணுதாம்பா."

"கொஞ்சங்கூட முன்னால இல்லியா?"

"இல்லப்பா."

தவசிமுத்து சிறிது நேரம் போனையே பார்த்தார். பிறகு அதைத் தலைக்கு மேல் தூக்கி, முன்வண்டிக்காரனுக்கு ஒருமுறை, பின்வண்டிக்காரனுக்கு ஒருமுறை, எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்கிடுங்கடே" என்றார். "அறுவத்தி மூணு."

யாரோ அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டுத் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்தார். அறுபத்து மூன்றாவது ஆளுக்கு நாளை மதியம் வரை வேலை இல்லை.